கைப்பிடியைச் சுற்றாத கடைக்காரர்

மார்க்கெட் தெருவில் அப்துல் அஜீஸின் ஜவுளிக்கடைக்கு டெலிபோன் வந்த அன்று, தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அவருடைய கூடப்பிறந்த தம்பி இஸ்மாயில் மட்டும் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கம்பி போய்ச் சேர்ந்த இடத்தில், டெலிபோன் நிலையத்து மாடியில், காதில் ரிசீவரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததே அவர்தான்.

இப்போதெல்லாம் எண்ணைச் சுழற்றினால் எதிர்ப்பக்கம் மணி தானாக அடிக்கிறது. அப்போது அப்படி இல்லை. டெலிபோன் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால், நிலையத்துப் போர்டில் உங்கள் எண்ணுக்கு மேலே உள்ள சின்னப் பித்தளை மூடி ‘டக்’கென்று விழும். போர்டுக்கு முன்னால் இருக்கும் ஆபரேட்டர் ஒரு கயிற்றின் முனையை அந்த ஓட்டையில் செருகி, “நம்பர் ப்ளீஸ்” என்பார். நீங்கள் கேட்ட எண்ணில் இன்னொரு கயிற்றைச் செருகி மணியடிப்பார். பேசி முடித்ததும் மறுபடியும் கைப்பிடியைச் சுற்றவேண்டும். அதற்கு ரிங் ஆஃப் என்று பெயர். அது வந்தால்தான் பேச்சு முடிந்துவிட்டது என்று ஆபரேட்டருக்குத் தெரியும், கயிற்றைப் பிடுங்குவார். சுற்றாமல் விட்டால் அவரே லைனுக்குள் வந்து, “ஃபினிஷ்ட்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆபரேட்டர் வாய் திறந்து சொல்ல அனுமதி உள்ள வார்த்தைகளும் ஏறக்குறைய அவ்வளவுதான். நம்பர் ப்ளீஸ், என்கேஜ்ட், நோ ரிப்ளை, ஃபினிஷ்ட். எதிரில் பேசுவது மாமனாரே ஆனாலும் நலம் விசாரிக்கக் கூடாது. நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு சூப்பர்வைசர் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். அவருடைய பூட்ஸ் சத்தம் நின்றால், யாரோ கூடுதலாக ஒரு வார்த்தை பேசிவிட்டார்கள் என்று பொருள்.

இஸ்மாயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு பெரிய கஷ்டமாக இல்லை. பேசுவதற்கு அவருக்கு ஆள் இருந்தால்தானே.

அண்ணன் தம்பிக்குள் நடந்தது இதுதான். ராமநாதபுரம் சீமையிலிருந்து துணி மூட்டையோடு கப்பலேறி இந்த மலாய் நாட்டுத் துறைமுகத்துக்கு வந்த அவர்களுடைய அத்தா மௌத்தாகும்போது, இஸ்மாயிலுக்கு மீசை அரும்பவில்லை. தம்பியை வளர்த்ததும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் போட்டதும் அப்துல் அஜீஸ்தான். தான் ஒரு வகுப்புக்கூடப் படிக்காதவர். தம்பி டெலிபோன் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதே சந்தோஷத்தில், சொந்த ஊரிலுள்ள மாமா மகள் ருக்கையாவைத் தம்பிக்குக் கட்டுவதாக மாமாவுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். முறைப்பெண், கேட்கவேண்டியதே இல்லை என்று நினைத்தார். கேட்டிருக்கலாம்.

இஸ்மாயிலின் மனசு வேறு இடத்தில் இருந்தது. நிலையத்துக்குக் கம்பி இழுக்கும் கூட்டத்துக்குத் தலைவராக ஒரு ஜாவி பெக்கான் இருந்தார். தமிழ் முஸ்லிம் அத்தாவுக்கும் மலாய்க்கார அம்மாவுக்கும் பிறந்த வம்சத்தை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய வீடு லெபோ ஆச்சே தெருவில். அவருடைய மகள் காமாரியா. தமிழ் கேட்டால் புரியும், பதில் மலாயில் வரும். நோன்புப் பெருநாளைக்கு அந்த வீட்டுக்குப் போன இஸ்மாயில், அந்தப் பெண் கொண்டுவந்து வைத்த பலகாரத்தைத் தின்ன மறந்து உட்கார்ந்திருந்தாராம். அண்ணனுக்குச் சொல்லாமல் நிக்காஹ் நடந்தது.

விஷயம் தெரிந்து கடை வாசலில் நின்று அப்துல் அஜீஸ் சொன்னார்: “மாமாவுக்கு நான் குடுத்த வாக்கை மண்ணாக்கிட்டே. இனிமே உன் வாயால என்னை அண்ணேன்னு கூப்பிடாதே. கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாக்கமாட்டேன்.”

“கூப்பிடலை” என்று சொல்லிவிட்டு இஸ்மாயில் படியிறங்கினார். ரோஷத்தில் அத்தா இருவருக்கும் சமபங்குதான் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

காமாரியாவோடு இஸ்மாயில் வாழ்ந்தது இரண்டு வருஷம் இருக்கும். தலைப்பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விட்டார்கள். ஜனாஸாவுக்கு லெபோ ஆச்சேக்காரர்கள் வந்தார்கள். நிலையத்து ஆட்கள் வந்தார்கள். மார்க்கெட் தெருவிலிருந்துகூட நாலு கடைக்காரர்கள் வந்தார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும் வரைக்கும் இஸ்மாயில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணன் வரவில்லை.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அப்துல் அஜீஸின் மேல் கோபம் வருகிறது. கோபம் இருந்தால் கடையில் பூட்டி வைத்துவிட்டு வரவேண்டியதுதானே. வந்து ஒரு பிடி மண் போட்டால் கௌரவம் கப்பலேறிவிடுமா? ஆனால் மனுஷர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். வரவேண்டிய நேரத்துக்கு வராமல் போய்விட்டால், அதற்கப்புறம் வருவதற்கு வெட்கம் வந்து வழியை அடைத்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு இஸ்மாயில் சூலியா தெருவில், மசாலா அரைக்கும் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டார். காலையில் மிளகாய் அரைக்கும் நாளில் தும்மிக்கொண்டே சட்டை மாட்டுவார். மத்தியானம் தெருவோரம் காவடியில் சோறு விற்கும் நாசி கண்டார்க்காரரிடம் சாப்பாடு. சாயங்காலம் கடற்கரையில் ஒரு நடை. பகல் முழுக்க நூற்றுக்கணக்கான பேர் அவர் காதுக்குள் பேசுவார்கள். சீன முதலாளிகளான தவுக்கேக்கள் ஹொக்கியன் பாஷையில் எண் சொல்வார்கள், வெள்ளைக்காரத் துரைகள் அதட்டுவார்கள், செட்டியார் கிட்டங்கிகளிலிருந்து இழுத்து இழுத்துப் பேசுவார்கள். எல்லாருக்கும் அவர் வேண்டும். வேலை முடிந்து படியிறங்கினால், “எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்க ஒருவர் கிடையாது. தொழுகைக்கு அண்ணன் கப்பித்தான் பள்ளிக்குப் போனார், தம்பி லெபோ ஆச்சே பள்ளிக்குப் போனார். ஒரே ஊரில் இரண்டு பள்ளிவாசல் இருந்தது இருவருக்கும் வசதியாகப் போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் கடைக்கு டெலிபோன் வந்தது. அந்த எண் விழுந்தது இஸ்மாயிலின் போர்டில்.

முதல் நாள் அந்த மூடி விழுந்ததும் கயிற்றைச் செருகிவிட்டார். நாக்குத்தான் ஒட்டிக்கொண்டது. பின்னால் பூட்ஸ் சத்தம். “நம்பர் ப்ளீஸ்” என்றார்.

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அண்ணனின் குரல், ஒரு எண்ணை ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் சொன்னது. குரலில் முன்பில்லாத கரகரப்பு. இஸ்மாயில் இணைத்துக் கொடுத்தார். பேச்சு முடிந்திருக்கவேண்டிய நேரமாகியும் ரிங் ஆஃப் வரவில்லை. லைனுக்குள் நுழைந்து காது கொடுத்தார். அண்ணன் ரிசீவரைக் கொக்கியில் மாட்டாமல் மேஜைமேல் வைத்துவிட்டிருந்தார். கடை முழுவதும் இஸ்மாயிலின் காதுக்குள் வந்துவிட்டது. துணி கிழிபடும் சத்தம். கஜக்கோல் மேஜையில் தட்டும் சத்தம். யாரோ ஒரு பெண்பிள்ளையிடம் அண்ணன், சாயம் போனால் திருப்பிக் கொண்டுவா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஃபினிஷ்ட்?” என்றார் இஸ்மாயில்.

ரிசீவரை எடுக்கும் சத்தம். “முடிஞ்சுது” என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து நாள் தவறாமல் இதே கதைதான். நம்பர் ப்ளீஸ், ஒரு எண், ஃபினிஷ்ட், முடிஞ்சுது. சில நாள் ஒரு தடவை, வியாபாரம் ஓடும் நாளில் நாலைந்து தடவை. அண்ணனுக்குத் தன் குரல் தெரிந்திருக்காது என்று இஸ்மாயில் முடிவு கட்டிக்கொண்டார். கம்பியில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதிலும் ஆபரேட்டரின் குரலை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

கைப்பிடியைச் சுற்றாததற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. பூட்டுப் போட்டபின் நாலு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷர் அண்ணன். துணியை மடித்தால் ஓரத்தோடு ஓரம் பொருந்தவேண்டும் அவருக்கு. அப்படிப்பட்டவர் இந்த ஒன்றை மட்டும் மறக்கிறார் என்றால், டெலிபோனைக் கண்டு பயப்படுகிறார் என்று அர்த்தம். கைப்பிடியைத் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று எவனாவது சொல்லி வைத்திருப்பான். அதை நினைத்து இஸ்மாயில் தனக்குள் சிரித்துக்கொள்வார். அவர் சிரிப்பது அப்போது மட்டும்தான்.

ரிங் ஆஃப் கொடுக்காதவர்களைப் பற்றிச் சூப்பர்வைசருக்குச் சொல்லவேண்டும் என்பது விதி. இஸ்மாயில் சொல்லவில்லை. அதோடு நில்லாமல், “ஃபினிஷ்ட்?” என்று கேட்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதிக்கத் தொடங்கினார். திறந்து கிடக்கும் அந்த லைனில் அவர் ஒரு குடும்பத்தையே கேட்டார். மழைக்காலத்தில் அண்ணனுக்கு இருமல் வந்ததையும், அது வெயில் வந்த பிறகும் போகாமல் இருந்ததையும் கேட்டார். அண்ணி ஜன்னத் கடைக்கு வந்து, வீட்டுக்குச் சாப்பிட வராததற்குச் சண்டை போடுவதைக் கேட்டார். ஒருநாள் ஒரு குழந்தை அழுதது. அண்ணனுக்குப் பேத்தியா பேரனா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு கிடந்தார்.

சில வருஷம் இப்படி ஓடியபின் கடைசியில் புகார் வந்துவிட்டது. அப்துல் அஜீஸ் கடையை எப்போது கூப்பிட்டாலும் லைன் என்கேஜ்ட் என்கிறார்கள் என்று வேறொரு வியாபாரி போய்ச் சொன்னார். சூப்பர்வைசர் இஸ்மாயிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த எண்ணைப் பிடுங்கி, அறையின் மறுகோடியில் இருந்த சின்னையாவின் போர்டுக்கு மாற்றினார்.

சின்னையா நல்ல மனுஷர், ஆனால் ஓயாமல் பேசுகிறவர். வாயைக் கட்டிப்போடும் இந்த வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது ஆச்சரியம்தான். பகலில் அடக்கி வைத்ததையெல்லாம் கோப்பி குடிக்கிற நேரத்தில் கொட்டித் தீர்ப்பார்.

எண்ணை இழந்த இஸ்மாயிலுக்கு நாள் நகரவில்லை. தன் போர்டில் அந்த எண் இருந்த இடத்தைப் பார்ப்பார், அடைத்த ஓட்டை ஒன்றுதான் இருக்கும். ரிசீவரைக் கழற்றிய பின்னும் காது எதற்கோ காத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கோப்பிக் கடையில் பட்டும் படாமல் கேட்டார்.

“உங்க பக்கம் வந்துச்சே மார்க்கெட் தெரு ஜவுளிக்கடை. அந்த ஆளு உங்களுக்கும் லைனைத் திறந்து போட்டுட்டுத்தான் போறாரா?”

“யாரு, அஜீஸ் பாயா?” என்றார் சின்னையா. “அவரை மாதிரி ஒழுங்கா ஒரு ஆளை நான் பாத்ததே இல்லலா. பேசி முடிச்ச கையோட கைப்பிடியைச் சுத்திடுறாரு. மத்தவங்க ஒரு சுத்து சுத்துனா இவரு ரெண்டு சுத்து சுத்துறாரு. இவரு மேல எவன்லா புகார் குடுத்தது?”

இஸ்மாயில் கோப்பையைக் கீழே வைத்தார். பாதிக் கோப்பி தட்டில் ஊற்றிக்கொண்டது.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிவிட்டால் தம்பி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். சுற்றாமல் விட்டால், விதிப்படி, லைனுக்குள் வந்து இன்னொரு வார்த்தை பேசியாகவேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷமாக அந்த மனுஷர் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இஸ்மாயிலுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் குரல் இவ்வளவு வேண்டியிருந்ததென்றால் அன்றைக்கு ஏன் வரவில்லை? காமாரியாவைத் தூக்கிக்கொண்டு போனபோது எங்கே இருந்தீர்கள்? அன்று இரவெல்லாம் மனசுக்குள் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டே படுத்திருந்தார். விடியும்போது சண்டையும் களைத்துவிட்டது.

காலையில் போய்ச் சின்னையாவிடம் நாற்காலியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். சின்னையாவின் போர்டு மேற்கு ஜன்னலுக்கு எதிரில் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கேட்ட வாய் மூடுமுன் சின்னையா எழுந்துவிட்டார். வெயிலை வலியப் போய் வாங்கிக்கொள்கிறவனை யார் தடுப்பார்கள்? சூப்பர்வைசரும் தடுக்கவில்லை.

மத்தியானம் அந்த மூடி விழுந்தது.

“நம்பர் ப்ளீஸ்” என்றார் இஸ்மாயில்.

எதிரில் இருமல் நின்றது. அண்ணன் எண்ணைச் சொன்னார். அன்றைக்கு ரிங் ஆஃப் வரவில்லை.

அதன்பிறகாவது பேசியிருக்கலாம் என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அண்ணே என்று ஒரு வார்த்தை. ஒவ்வொரு நாளும் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் இஸ்மாயில் லைனுக்குள் நுழைந்தார். ஒருநாள் பின்னால் பூட்ஸ் சத்தம் நின்றிருக்கும். ஒருநாள் அண்ணன் பக்கத்தில் ஆள் பேசுவது கேட்கும். ஒன்றுமே குறுக்கே வராத நாளில், ஜனாஸா அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்ற தெருமுனை குறுக்கே வரும். கூப்பிடாதே என்று சொன்னவர் அவர், கூப்பிடு என்று அவர்தானே சொல்லவேண்டும் என்று தம்பி இருந்தார். தப்புச் செய்தவன் அவன், முதலில் அவன் வாய் திறக்கட்டும் என்று அண்ணன் இருந்திருப்பார். இப்படியே இன்னும் சில வருஷங்கள் போயின.

பிறகு ஆட்டோமாட்டிக் வருகிறது என்ற பேச்சு வந்தது. புதுக் கட்டடத்தில் இயந்திரங்களை அடுக்கினார்கள். வீடு வீடாக, கடை கடையாகப் போய்ப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வட்டத்தகடு வைத்த புதுப் பெட்டியை மாட்டினார்கள். இனி ஆளைக் கேட்கவேண்டியதில்லை, எண்ணைச் சுழற்றினால் போதும் என்று விளக்கிச் சொன்னார்கள். ஊருக்கே கொண்டாட்டம். ஆபரேட்டர்களில் பலரை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நாலு பாஷை தெரிந்தவர் என்பதால் இஸ்மாயிலையும், எப்படியோ சின்னையாவையும், எண் தெரியாதவர்களுக்கு எண் சொல்லும் என்கொயரி மேஜைக்குப் போட்டார்கள்.

வேலை தப்பியதில் இஸ்மாயிலுக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பழைய போர்டின் கம்பிகளை அறுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அண்ணன் எண் கேட்க யாரையும் கூப்பிடவேண்டாம். அந்த இரண்டு மணிக்குள் சொல்லிவிடவேண்டும். இவ்வளவு உறுதியாக அவர் எதையும் தீர்மானித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே போர்டில் மூடிகள் மழைபோல் விழுந்தன. சிலர் காரணமில்லாமல்கூடக் கூப்பிட்டார்கள். வருஷக்கணக்காக எண்ணைத் தவிர வேறு பேசாத ஒரு சீனத் தவுக்கே, “எக்சேஞ்ச், தெரிமா காசே” என்று டெலிபோன் நிலையத்துக்கே நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அண்ணனின் மூடி மட்டும் விழவில்லை. அலுவலகங்கள் மூடின. போர்டு ஓய்ந்தது. இன்ஜினியர் துரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். போர்டுக்குப் பின்னால் ஆட்கள் கருவிகளோடு காத்திருந்தார்கள்.

இரண்டு அடிக்கச் சற்று முன்னால் அது விழுந்தது.

“நம்பர் ப்ளீஸ்.”

அண்ணன் சொன்னது எதிர்க்கடை எண். தெருவைத் தாண்டிக் கையசைத்தால் தெரியும் கடை அது. இஸ்மாயில் இணைத்தார். அங்கே பேசுவதற்கு என்ன இருக்கிறது, இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. ரிங் ஆஃப் வரவில்லை.

இஸ்மாயில் லைனுக்குள் வந்தார். கடைச் சத்தம் எதுவும் இல்லை. அண்ணன் இந்தத் தடவை ரிசீவரை மேஜைமேல் வைக்கவில்லை. காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குவது கேட்டது.

“ஃபினிஷ்ட்?”

முடிஞ்சுது என்று அண்ணன் சொல்லவில்லை.

இஸ்மாயில் வாயைத் திறந்தார். இன்ஜினியரின் கை இறங்கியது. போர்டுக்குப் பின்னால் எல்லாரும் ஒரே சமயத்தில் கம்பிகளை இழுத்து அறுத்தார்கள்.

“அண்ணே” என்று இஸ்மாயில் சொன்னது உண்மை. ஆனால் அதற்குள் காதில் இருந்த மூச்சு நின்றுபோயிருந்தது. பக்கத்தில் நின்ற சின்னையா, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, “என்ன பாய்?” என்றார். அறையில் மற்றவர்கள் கைதட்டினார்கள்.

என்கொயரி மேஜை கீழ்த்தளத்தில் இருந்தது. காலையில் சின்னையா, மத்தியானத்துக்கு மேல் இஸ்மாயில். யாராவது கூப்பிட்டு ஒரு பெயரைச் சொல்வார்கள், இவர் எண்ணைச் சொல்வார், அவர்கள் வைத்துவிடுவார்கள். யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க இங்கே மூடி எதுவும் இல்லை. இப்போது அந்த மிளகாய் நெடி அடிக்கும் அறைக்குத் திரும்பும்போது, இஸ்மாயில் தன்னோடு தானே பேச ஆரம்பித்திருந்தார். அது அவருக்கே பயமாக இருந்தது.

மார்க்கெட் தெரு என்ன கடல் கடந்தா இருந்தது? வெற்றிலை மென்று துப்பும் நேரத்தில் நடந்து போய்விடலாம். ஒரு சாயங்காலம் போனார். குயீன் தெரு திரும்பும் இடம்வரைக்கும் போனார். அண்ணன் கடையில் விளக்கேற்றுவதைப் பார்த்தார். அண்ணன் கூன் விழுந்திருந்தார். கம்பி வழியாகக் கூன் தெரியாது அல்லவா? இஸ்மாயிலின் கால்கள் அதற்குமேல் போகவில்லை, திரும்பிவிட்டார்.

அந்த வாரம் சின்னையா சலித்துக்கொண்டார். “எவனோ ஒருத்தன் தினம் காலையில கூப்பிடுறான் பாய். நான் என்கொயரின்னு சொன்னதும் பொத்துன்னு வெச்சிடுறான். நேத்தும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான். என் குரல் என்ன அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“தினமுமா?” என்றார் இஸ்மாயில்.

“தினம்லா. கடை திறக்கிற நேரத்துக்கு. வேலையத்த பய.”

அண்ணனாக இருக்குமோ என்று நினைப்பதற்கே இஸ்மாயிலுக்குக் கூச்சமாக இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் தவறாகச் சுழற்றிவிட்டு வைக்கிறார்கள். ஆனாலும் சின்னையாவிடம் காலை வேலையைத் தனக்கு விடச்சொல்லிக் கேட்டார். சின்னையாவுக்குத் தூங்கி எழுந்து வரலாம் என்று சந்தோஷம்.

முதல் நாள் காலையில் அந்த ஆள் கூப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து விட்டுவிட்டார் போல என்று இஸ்மாயில் நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

“என்கொயரி” என்றார்.

எதிரில் ரிசீவரை வைக்கவில்லை. தூரத்தில் ஒரு மாட்டுவண்டி போகும் சத்தம் கேட்டது.

“ஒரு ஆளோட நம்பர் வேணும்.”

அண்ணன்.

“பேரு சொல்லுங்க” என்றார் இஸ்மாயில். எப்படிச் சொன்னாரோ.

“இஸ்மாயில். அத்தா பேரு மீரா ராவுத்தர்.”

“விலாசம்?”

“தெரியாது.” அண்ணன் இருமினார். “கேட்டு வெச்சுக்கலை. கேட்டிருக்கணும். அவன் பொண்டாட்டி மௌத்தான அன்னிக்கே போயிருக்கணும், போகலை. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? முன்னாடி எக்சேஞ்சில இருந்தான். இப்ப எங்கே இருக்கான்னு தெரியலை.”

இஸ்மாயிலின் விரல்கள் பழக்கத்தில் புத்தகத்தைப் புரட்டின. எந்தப் பக்கத்திலும் அந்தப் பெயர் இருக்காது என்று அவருக்குத் தெரியும். எழுத்துகள் கண்ணில் கலங்கித் தெரிந்தன.

“அந்தப் பேர்ல டெலிபோன் இல்லைங்க.”

“இல்லையா?” என்றார் அண்ணன். “அப்ப நான் அவன்கிட்ட எப்படிப் பேசுறது?”

“பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்க, அண்ணே.”

புது டெலிபோனில் முடித்துக்கொள்ளக் கைப்பிடி எல்லாம் சுற்றவேண்டாம், ரிசீவரை வைத்தால் போதும். அந்தச் சத்தம் வந்துவிடுமோ என்று இஸ்மாயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

“பசியாறிட்டியாடா?” என்றார் அப்துல் அஜீஸ்.

இஸ்மாயில் ரொட்டியும் கோப்பியும் முடித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தார்.

“இல்லண்ணே” என்றார்.